ஆவணி முதலாந் திகதி

காலை ஏழு பத்துக்குப் பிறகு, எட்டு இருபதுக்கு முன்னர். அந்த ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும்தான் நல்ல நேரம் என்று கமலாம்பிகை யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆவணி முதலாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் கிங்ஸ்பரியில் மலர் ஸ்டோர்ஸின் இரும்புக் கதவு பாதிதான் உயர்ந்திருந்தது. மேல்மாடியில், அரிசி மூட்டைகளுக்கும் நல்லெண்ணெய்ப் பெட்டிகளுக்கும் நடுவே இருந்த சின்ன ஒபிஸ் அறையில், கடை முதலாளி பரமேஸ்வரன் நெற்றி நிறைய விபூதியோடு கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி செல்வமலர் கணினியின் தலையில் ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தாள். பக்கத்துத் தட்டில் வடையும் கதலி வாழைப்பழமும். கமலாம்பிகையின் மகள் கஜந்தினி அவர்களுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பத்தொன்பது வயதில் படிக்க வந்தவள். இப்போது இருபத்தெட்டு. வந்து ஒன்பது வருடம் நிறைய இன்னும் நான்கு கிழமை இருந்தது.

அந்த ஒன்பது வருடத்துக்கு ஒரு விலை உண்டு. இந்த நாட்டில் ஒருவர் இடையில் விசா அறாமல் பத்து வருடம் சட்டப்படி இருந்துவிட்டால் நிரந்தர வதிவிடம் கேட்கலாம். கஜந்தினி படிப்பு விசாவில் ஏழு வருடம் இருந்தாள், படித்து முடித்தவர்களுக்குக் கொடுக்கும் பட்டதாரி விசாவில் இரண்டு. பட்டதாரி விசாவை நீட்ட முடியாது. செப்டம்பர் பதினான்கோடு அது முடிகிறது. அதற்குள் வேலை விசாவுக்கு மாறி, அதில் பன்னிரண்டு மாதம் இருந்துவிட்டால் பத்தும் நிறைந்துவிடும். பிறகு யாருடைய தயவும் வேண்டாம், எந்தக் கடிதத்தையும் பயந்து பிரிக்க வேண்டாம். மாறத் தவறினால் ஒன்பதும் ஒன்றுமில்லை. ஒன்பது வருடம் இருந்தவருக்கு ஒன்பது வருடத்துக்கு உரியதைக் கொடுக்கும் சட்டம் எதுவும் கிடையாது.

வேலை விசாவுக்கு முதலாளி ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். பரமேஸ்வரன் தாமாகவே கொடுக்க முன்வந்தார். மலர் ஸ்டோர்ஸுக்கு மனேஜர் என்று ஒருத்தி இருந்தால் அது கஜந்தினிதான். எந்தக் கொள்கலன் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது, எந்த மிளகாய்த்தூள் எப்போது காலாவதியாகும், எல்லாம் அவள் தலைக்குள் இருந்தன. பரமேஸ்வரன் தம் பங்குக்குக் கோயில் கலண்டரை அடித்து வருகிறவர்களுக்குக் கொடுப்பார்.

"ஏழு பதினைஞ்சு. தொடங்குங்கோவன்" என்றாள் செல்வமலர்.

பரமேஸ்வரன் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம். ஒற்றை விரலால் அடிக்கிற மனிதர், ஆனால் பிழைவிடாமல் அடித்தார். கடைசியில், அரசாங்கப் பட்டியலில் அந்த வேலைக்கு உரிய இலக்கத்தைப் போட்டார். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது.

"என்ன பிள்ளை எழுதிக் கிடக்கு? கண்ணாடி கீழ விட்டிட்டன்."

கஜந்தினி குனிந்து வாசித்தாள். இரண்டாம் தரமும் வாசித்தாள்.

"இந்த வேலைக்கு இனிப் புதுசா ஒருத்தருக்கும் சேர்ட்டிபிக்கட் குடுக்க ஏலாதாம் அண்ணை."

"அது இலக்கம் பிழைச்சிருக்கும். திருப்பி அடிப்பம்."

திருப்பி அடித்தார். மூன்றாம் தரமும் அடித்தார். செல்வமலர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "எட்டேகால் ஆகுது, கெதியாச் செய்யுங்கோ, கெதியாச் செய்யுங்கோ" என்று அவசரப்படுத்தினாள். நேரம் தவறுவதுதான் அங்கே நடக்கக்கூடிய ஆகப் பெரிய விபத்து என்பதுபோல அவள் பதறினாள். எட்டு இருபது கடந்தது. வடை ஆறிப்போயிருந்தது.

அவளுடைய விசா அலுவல்களைப் பார்க்கும் வக்கீல், இல்ஃபோர்ட்டில் ஒபிஸ் வைத்திருக்கும் சொலிசிற்றர் றெஜினோல்ட்டுக்குக் கஜந்தினி போன் எடுத்தாள். அவர் சேர்ச்சுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை அவள் சொன்னாள்.

"கஜந்தினி, ஜூலை இருபத்தோராந் திகதி என்ர ஒபிஸிலயிருந்து உங்களுக்கு எடுத்துக் கேட்டவை. சேர்ட்டிபிக்கட் வந்திட்டுதோ எண்டு."

"ஓம்."

"நீங்கள் வந்திட்டுது எண்டு சொன்னனீங்கள்."

"வந்ததுதானே அண்ணை. பத்தாந் திகதியே வந்திட்டுது. நான் என்ர கண்ணால பாத்தனான்."

"கடைக்கு வந்தது. உங்கட பேருக்கு வந்ததோ?"

கஜந்தினிக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்கியதும் நெஞ்சு அடைக்கும், கால் தளரும், கண் இருட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கீழே பால்காரனின் வான் வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவை முழுதாக உயர்த்த வேண்டும் என்று நினைத்தாள்.

நடந்தது இதுதான். ஜூலை மாதத் தொடக்கத்தில் அரசாங்கம் ஒரு மாற்றத்தை அறிவித்தது. ஜூலை இருபத்திரண்டிலிருந்து, பட்டப்படிப்புத் தேவைப்படாத வேலைகள் என்று அவர்கள் கணித்தவற்றுக்குப் புதிதாக யாரும் வேலை விசா எடுக்க முடியாது. கடை மனேஜர் வேலையும் அந்தப் பட்டியலில் விழுந்தது. அதற்கு முதல்நாள் வரைக்கும் கொடுத்த சான்றிதழ்கள் செல்லும். றெஜினோல்ட் இதை விளக்கமாக எழுதி அனுப்பியிருந்தார். கஜந்தினி அதை வாசித்தாள், பரமேஸ்வரனுக்கும் வாசித்துக் காட்டினாள். பரமேஸ்வரன் சிரித்தபடி கணினியைத் திறந்து காட்டினார். அரசாங்க இணையத்தளத்தில் அவருடைய கணக்கில் சான்றிதழ் என்று எழுதி, அதற்கு நேரே ஒன்று என்ற இலக்கம் இருந்தது. கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று.

"சாமான் ஸ்ரோருக்கு வந்திட்டுது பிள்ளை. இனி எடுத்துக் குடுக்கிறதுதானே. இது எங்க ஓடப்போகுது?"

பதினைந்து வருடமாகக் கடை நடத்துகிறவருக்கு அது இயல்பான எண்ணம். பொருள் வந்து இறங்கினால் அது கையிருப்பு. ஆனால் கணக்கில் இருந்த ஒன்று, ஒரு சான்றிதழ் எழுத அரசாங்கம் அவருக்குக் கொடுத்த அனுமதி மட்டும்தான், ஓர் ஆளின் பெயரை எழுதி அனுப்பும்வரை அங்கே சான்றிதழ் என்று ஒன்றே இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. கொள்கலன் கொள்கலனாகப் பொருள் இறக்கும் கஜந்தினிக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் திரையிலிருந்த அந்த ஒன்றைப் பார்த்து மனம் நிறைந்து போனார்கள்.

அப்படியானால் ஏன் உடனே எழுதி அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

முதல் படிப்பு விசாவிலிருந்து பட்டதாரி விசா வரைக்கும் கஜந்தினி போட்ட நான்கு விண்ணப்பங்களும் கமலாம்பிகை பஞ்சாங்கம் பார்த்துச் சொன்ன நேரத்தில்தான் போயின. யாழ்ப்பாணத்து நேரமா, லண்டன் நேரமா என்று ஒரு தரம் பிரச்சினை வந்தது. கிரகத்துக்கு லண்டன் வேறு யாழ்ப்பாணம் வேறு இல்லை என்று கமலாம்பிகை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஆகையால் அங்கே காலை பத்தரைக்கு நல்ல நேரமென்றால் இவள் இங்கே ஐந்து மணிக்கு எழும்பி, குளித்து, ஈரத்தலையோடு ஆறு மணிக்கு அனுப்புவாள். நான்கும் ஒரு கேள்வி இல்லாமல் கிடைத்தன. அவளோடு வந்தவர்களில் இரண்டு பேருக்கு மறுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கஜந்தினி சாத்திரத்தை நம்புகிறவள் என்று சொல்ல முடியாது. ஆனால் நான்கு தரம் சரிவந்த ஒன்றை ஐந்தாம் தரம், அதுவும் கடைசித் தரம், கைவிடுவதற்குப் பயந்தாள்.

ஜூலை பத்தாந் திகதி சான்றிதழ் 'வந்தது'. அந்தக் கிழமை கமலாம்பிகைக்குப் பிடித்த நாள் எதுவும் அமையவில்லை. பதினேழாந் திகதி ஆடி பிறந்தது. செல்வமலர் கூழ் காய்ச்சிக் கொழுக்கட்டையும் அவித்துக் கடைக்குக் கொண்டுவந்தாள். கஜந்தினி கூழைக் கோப்பையில் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கும்போது பரமேஸ்வரன் கேட்டார்.

"என்ன பிள்ளை, இண்டைக்கே பேரை எழுதி அனுப்பிவிடட்டோ?"

அவர் கேட்டார். அதை அவள் பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்தாள். அந்த மனிதர் கேட்டார். கூழில் பயறு நன்றாக அவிந்திருந்தது. "அம்மா ஆடியில வேண்டாமெண்டு சொல்லுறா அண்ணை. ஆவணி முதலாந் திகதி செய்வம்" என்று அவள்தான், தன் வாயால், சொன்னாள். செல்வமலரும் அதுதான் நல்லது என்றாள். நல்ல காரியத்தை யாராவது ஆடியில் தொடங்குவார்களா?

றெஜினோல்ட் கிறிஸ்தவர். அவருக்கு ஆடி என்றால் ஜூலை, அவ்வளவுதான். அவர் ஒபிஸிலிருந்து போன் வந்தபோது கஜந்தினி களஞ்சியத்தில் நின்று உளுந்து மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சேர்ட்டிபிக்கட் வந்திட்டுதா என்றார்கள். வந்திட்டுது என்றாள். எண்ணிக்கை விட்டுப்போகாமல் இருக்க அவசரமாகச் சொன்னாள். அன்று ஆடி ஐந்து. அடுத்தநாள் ஆடி ஆறு.

இப்போது கீழே போய் அவள் கதவை உயர்த்தினாள். பால் பெட்டிகளை உள்ளே எடுத்தாள். பழைய திகதியை முன்னுக்கும் புதிய திகதியைப் பின்னுக்கும் அடுக்கினாள். ஒன்பது மணிக்குக் கமலாம்பிகை போன் எடுத்தாள்.

"போட்டாச்சோ பிள்ளை?"

"ஓம் அம்மா."

"நான் சொன்ன நேரத்திலதானே?"

"ஓம். அந்த நேரத்திலதான்."

"அப்ப இனிப் பயமில்லை. பின்னேரம் கோயிலில உன்ர பேருக்கு ஒரு அர்ச்சனை செய்விக்கிறன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. உண்மையைச் சொல்ல ஒரு குரல் வேண்டும். அந்தக் குரல் அன்று அவளிடம் இருக்கவில்லை.

அடுத்த கிழமை அவள் இல்ஃபோர்ட்டுக்குப் போனாள். கிங்ஸ்பரியிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை ஒரு ரயில், அங்கிருந்து இன்னொன்று. வழி முழுதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் ஒன்றையும் சொல்லியிருக்கமாட்டாள். றெஜினோல்ட் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கெட்ட செய்தி சொல்லும்போது பேனையை மூடித் திறந்து மூடுவார்கள். அவரும் அதைத்தான் செய்தார்.

"பட்டப்படிப்புத் தரத்தில இருக்கிற ஒரு வேலை, வெளிநாட்டு ஆளை எடுக்க லைசன்ஸ் இருக்கிற கொம்பனி ஒண்டு, செப்டம்பர் பதினாலுக்கு முதல். அது கிடைச்சால் மாறலாம். உங்கட பத்து வருசமும் தப்பும்."

"இருவத்தி மூண்டு இடத்துக்குப் போட்டிட்டன் அண்ணை."

"மறுமொழி?"

"ரெண்டு பேர் எழுதினவை. நன்றி எண்டு."

அவர் பேனையை மூடினார்.

"நான் அண்டைக்கு இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேணும். உங்கட பேரில குடுத்தாச்சோ எண்டு. கேட்கேல்லை. அது எனக்கும் மனவருத்தம்தான்" என்றார். கஜந்தினி பரவாயில்லை என்றாள். பரவாயில்லை என்று சொல்வது அந்த நாட்களில் அவளுக்கு மிகச் சுலபமாக வந்தது.

பரமேஸ்வரன் பாவம், நித்திரை இல்லாமல் அலைந்தார். தொண்ணூற்றொன்பதில் லொறிக்குள் ஒளிந்து வந்து, அகதி அந்தஸ்துக் கேட்டு, எட்டு வருடம் இழுபட்டு விசா எடுத்தவர். அவருக்குத் தெரிந்த வழிகளெல்லாம் அந்தக் காலத்து வழிகள். ஒருநாள் பின்னேரம், கடையில் ஆள் குறைந்த நேரம், கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிள்ளை, அசைலம் அடிச்சால் என்ன?"

"என்னெண்டு அண்ணை அடிக்கிறது? என்னை ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லையே."

"அது நாங்கள் யோசிச்சு எழுதலாம்."

"வேண்டாம் அண்ணை."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப இன்னொண்டு செய்வம். உன்னைக் கொம்பனியின்ர கொள்வனவு டிரெக்டர் எண்டு போடுவம். அது பெரிய வேலைதானே, பட்டியலில கிடக்குமெல்லோ? நீ செய்யிறதும் அதுதானே?"

அவள் செய்கிறது அதுதான், அதில் பொய்யில்லை. ஆனால் மூன்று பேர் வேலைசெய்கிற கடையில் கொள்வனவு டிரெக்டர் என்று ஒருத்தி இருந்தால் விசா கொடுக்கும் ஹோம் ஒபிஸிலிருந்து ஆள் வந்து பார்க்கும். பார்த்துப் பொய் என்று எழுதினால் பரமேஸ்வரனின் லைசன்ஸ் போகும். அவளுக்குப் பத்து வருடம் இந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. செல்வமலர் மரக்கறித் தட்டுக்குப் பின்னால் நின்று முருங்கைக்காயை ஒன்றொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கை நின்றுவிட்டதைக் கஜந்தினி கண்டாள். அந்தக் கடை அவர்கள் இருவரும் பதினைந்து வருடம் நின்ற கால்.

"வேண்டாம் அண்ணை" என்றாள் கஜந்தினி. "ஒன்பது வருசம் ஒரு பொய்யும் எழுதேல்லை. இப்ப எழுதி என்னத்துக்கு?"

இதைத் தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நேர்மை என்றுகூடச் சொல்லத் தேவையில்லை. பொய் சொல்லவும் மனதில் கொஞ்சம் சூடு வேண்டும். அவளிடம் அது அணைந்திருந்தது. முருங்கைக்காய் மறுபடியும் அடுக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு செல்வமலர் வந்து, கஜந்தினியின் தலையில் கையை வைத்துவிட்டுப் போனாள்.

விமானச் சீட்டை அவள் ஒரு புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனில் எடுத்தாள். செப்டம்பர் பதின்மூன்று, சனிக்கிழமை. ஒரு வழி. திரும்பி வரும் திகதியைக் கேட்ட கட்டத்தை வெறுமையாக விட்டாள். பிறகு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அம்மாவைக் கேட்காமல் ஒரு நாள் குறித்திருக்கிறோம் என்பது கோப்பையைக் கழுவும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அறையைக் காலிசெய்வது கடினமாக இருக்கவில்லை. ஓர் அறைக்குள் ஒன்பது வருடம் சேர்ந்தால் எவ்வளவு சேரும்? குளிர்ச்சட்டைகளைக் கோயிலுக்குக் கொடுத்தாள். பட்டச் சான்றிதழ்களை ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டாள். அந்த உறைக்குள் விசா கடிதங்கள் நான்கும் ஏற்கனவே இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் நேரம் எழுதியிருந்தாள். 6.00. 5.40. 7.25. முதலாவது யாழ்ப்பாணத்தில் போட்டது, 10.50. எடுத்து எறிவோமா என்று ஒரு கணம் யோசித்தாள். எறிவதற்கும் ஒரு காரணம் வேண்டுமே. உறையை மூடிப் பெட்டிக்குள் வைத்தாள்.

அம்மாவுக்குச் சொல்வது மட்டும் மிச்சமிருந்தது. பயணத்துக்கு ஐந்து நாள் முன்னர், பின்னேரம், கடையிலிருந்து வீட்டுக்கு நடந்துபோகும் வழியில் எடுத்தாள். யாழ்ப்பாணத்தில் இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது.

"அம்மா, நான் வாறன்."

"எங்க?"

"வீட்டை."

கமலாம்பிகை சந்தோசத்தில் கத்தினாள். விசா வந்துவிட்டது, பிள்ளை லீவில் வருகிறாள் என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அதைச் சொல்லவும் செய்தாள். பிறகுதான் கேட்டாள்.

"எப்ப வெளிக்கிடுறாய்?"

"சனிக்கிழமை."

"பொறு, பொறு." பஞ்சாங்கம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தாள் புரளும் சத்தம் கேட்டது. "சனிக்கிழமை வேண்டாம் பிள்ளை. கிழக்க சூலம். நீ கிழக்க பாத்தெல்லோ வரப்போறாய். ஞாயிறு அட்டமி. திங்கள் நவமி, அதுக்கும் கிழக்க சூலம். செவ்வாய் கூடாது. புதன் மாதப்பிறப்பு. வியாழன் நல்ல நாள். வியாழன் வெளிக்கிடு."

"வியாழன் மட்டும் நிக்க ஏலாது அம்மா."

"ஏன், ரிக்கற் எடுத்திட்டியோ? மாத்தலாந்தானே?"

"ரிக்கற்றை மாத்தலாம்." கஜந்தினி ஒரு வீட்டு மதிலருகே நின்றாள். "விசா ஞாயிற்றுக்கிழமையோட முடியுது."

தாள் புரளும் சத்தம் நின்றது.

"புது விசா?"

"வரேல்லை அம்மா. போடவே இல்லை. போட ஏலாமப் போச்சு."

"அண்டைக்குப் போட்டதெண்டு சொன்னனி."

"ஓம். சொன்னனான்."

வீதியில் ஒரு பஸ் வந்து, நின்று, ஆட்களை ஏற்றிப் போனது. கமலாம்பிகை படித்தவள், கணக்கு ரீச்சராக இருந்து இளைப்பாறியவள். அவள் மனம் கணக்குப் போடுவதை லண்டனிலிருந்தே கேட்கக்கூடியதாக இருந்தது.

"ஏன் ஏலாமப் போச்சு?"

"சட்டம் மாறிட்டுது."

"எப்ப மாறினது?"

கஜந்தினிக்கு நாள் தெரியும், கிழமை தெரியும், தமிழ்த் திகதி தெரியும். ஆடி ஆறு, செவ்வாய்க்கிழமை. அம்மா வேண்டாம் என்று சொல்லாமலிருந்தால் ஐந்து நாள் மிச்சம் வைத்து அனுப்பியிருக்கலாம். அவ்வளவு நாளும் எங்கேயோ போயிருந்த ஏதோ ஒன்று அப்போது திரும்பி வந்தது. கோபமாக இருக்கலாம். அழுகையாகவும் இருக்கலாம். அது எது என்று அவள் பார்க்கவில்லை, விழுங்கிவிட்டாள்.

"ஆனியிலயே மாறிட்டுது அம்மா. எங்களுக்குத் தெரியாமப் போச்சு. எந்த நாளில போட்டிருந்தாலும் சரிவந்திராது."

"ஆனியிலயோ?"

"ஓம்."

"அப்ப நான் சொன்ன நாளில பிழையில்லை."

"இல்லை அம்மா. நாள் நல்ல நாள்தான்."

கமலாம்பிகை பெருமூச்சு விட்டாள். அவள் நம்பினாளா என்று சொல்ல முடியாது. நம்பத் தீர்மானித்தாள் என்று வேண்டுமானால் சொல்லலாம். கணக்கு ரீச்சர்தான், ஆனால் தாயும். அடுத்ததாக வந்த அவள் குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"சனிக்கிழமை வெளிக்கிடத்தான் வேணுமெண்டால், கிழக்குச் சூலத்துக்குத் தயிர்தான் பரிகாரம். ஒரு வாய் தயிர் சாப்பிட்டிட்டு வெளிக்கிடு பிள்ளை. மறந்திடாத."

"சரி அம்மா."

சனிக்கிழமை காலை பரமேஸ்வரன் வானைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பெட்டியைத் தானே தூக்கி ஏற்றினார், யாரையும் தொடவிடவில்லை. செல்வமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லாவில் நின்றாள். கஜந்தினி குளிர்ப்பெட்டியைத் திறந்து சின்னத் தயிர்க் கோப்பை ஒன்றை எடுத்தாள். பழக்கதோசத்தில் பின்வரிசையில் கையைவிட்டுப் புதியதை எடுக்கப் போனவள், அதை விட்டுவிட்டு முன்னுக்கிருந்த பழையதையே எடுத்தாள். மூடியைத் திருப்பித் திகதியைப் பார்த்தாள். செப்டம்பர் இருபத்தொன்று. அதற்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அவளுக்கு ஒன்று.

நின்றபடியே ஒரு கரண்டி தயிர் சாப்பிட்டாள். மிச்சத்தை மூடி, செல்வமலரிடம் கொடுத்தாள்.

"மோருக்கு வையுங்கோ அக்கா. இன்னும் பழுதாகேல்லை" என்று சொல்லிவிட்டு வானில் ஏறினாள்.